சம்பளம் மாதத்துக்கு, கடன் கிழமைக்கு: வட்டகொடைப் பெண்களும் நுண்கடனும்

ஐந்து பெண்கள் கொண்ட ஒரு கடன் குழுவுக்கு நான் இரண்டு வருடங்கள் தலைவியாக இருந்தேன். நுண்கடனைப் பற்றி எழுத வரும்போது இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடன்பட்ட பெண்ணைப் பற்றியும் கடன் கொடுத்த கம்பனியைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கொப்பியும் பேனையுமாக நின்ற என்னைப் போன்றவர்கள் செய்ததைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

எங்கள் ஊர் வட்டகொடை. தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா போகும் வழியில், மலையக ரயில் பாதையில் தலவாக்கலைக்கு அடுத்த நிலையம். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை பிறந்த மடக்கொம்பரைத் தோட்டம் இங்குதான் இருக்கிறது. நான் பிறந்ததும் இந்தப் பக்கத்து லயம் ஒன்றில்தான். என் பெரியம்மாவின் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையைவிட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அவர்கள் காடு வெட்டிக் குடியேறி, போருக்குள் அகப்பட்டு, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கினார்கள். பெரியம்மாவின் மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் கையிலும் என் கையிலும் ஒரே மாதிரியான கிழமைக்கடன் அட்டை இருப்பது தெரிய வந்தது. அங்கே காணியும் கிணறும் இருந்தும் கடன். இங்கே ஒரு துண்டுக் காணிகூட இல்லாமல் கடன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு அட்டைகளைப் பற்றியது.

கடன் எங்கள் வாசலுக்கு வந்த விதம்

2016ஆம் ஆண்டின் கடைசியில் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். தமிழ்ப் பிள்ளை, மரியாதையாகப் பேசினார். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தால் ஆளுக்கு 50,000 ரூபா தருவதாகச் சொன்னார். அடகு வேண்டாம், அரசாங்க உத்தியோகத்தர் பிணை வேண்டாம், அடையாள அட்டைப் பிரதியும் கணவரின் கையெழுத்தும் போதும் என்றார்.

வங்கி எங்களுக்குச் செய்யாததை அவர் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள். நாங்கள் குடியிருக்கும் லயம் எங்களுக்குச் சொந்தமில்லை. காணி அரசுடையது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. மூன்று நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தாலும் எங்களிடம் காட்டுவதற்கு ஒரு கடதாசி இல்லை. வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கிடைத்தவர்கள் சிலர்தான். அப்படிப்பட்ட இடத்தில், உறுதி கேட்காமல் வாசலில் வந்து காசு தருகிறவரை யார் திருப்பி அனுப்புவார்?

என்னைத் தலைவியாக்கினார்கள். ஓ.எல். வரை படித்திருந்தேன், கணக்கு எழுதத் தெரியும். ஒவ்வொரு புதன்கிழமையும் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கையோடு எங்கள் இஸ்தோப்பில் ஐந்து பேரும் கூடுவோம். காசை எண்ணி, கொப்பியில் எழுதி, தம்பியிடம் கொடுப்பேன். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்த்துக் கட்டவேண்டும். எல்லோருடைய காசும் சேரும்வரை யாரும் எழும்பிப் போக முடியாது.

இந்தக் கூட்டுப் பொறுப்பு முறை பங்களாதேஷிலிருந்து பரவியது. பேராசிரியர் முகம்மது யூனுஸ் 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்தில் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அந்த வங்கியின் பெரும்பாலான பங்குகள் கடன் பெறும் பெண்களுக்கே உரியவை. எங்கள் ஊருக்கு வந்தபோது ஐந்து பேர் குழுவும் கிழமைக் கூட்டமும் மட்டுமே வந்தன, பங்கு வரவில்லை. இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் இதே முறை கட்டுமீறிப் போய், கடன்பட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்த பிறகு, 2010 ஒக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வசூலிப்பைக் கட்டுப்படுத்தியது. எங்களுக்கு அந்தக் கதை தெரியாது.

24 வீதம் என்றால் எவ்வளவு?

என் முதல் கடனின் கணக்கை அப்படியே தருகிறேன். கடன் 50,000 ரூபா. வட்டி 24 வீதம் என்றார்கள், அதாவது 12,000 ரூபா. மொத்தம் 62,000. அதை 50 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,240 ரூபா. ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,500 ரூபாவை முதலிலேயே கழித்துக்கொண்டு 47,500 ரூபாவைத்தான் கையில் தந்தார்கள்.

அடகுக் கடையைவிட இது பரவாயில்லை என்று நினைத்தோம். பிழை எங்கே என்பது பிறகுதான் விளங்கியது. 50,000 ரூபா என் கையில் ஒரு வருடம் முழுவதும் இருக்கவில்லை. முதற்கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். இருபத்தைந்தாவது கிழமையில் பாதிக் கடன் கட்டி முடிந்துவிட்டது. ஆனாலும் கடைசிக் கிழமை வரை முழு 50,000 ரூபாவுக்கும் வட்டி கட்டினேன். 50 கிழமைக்கும் சராசரி பார்த்தால் என் கையில் நின்ற கடன் சுமார் 25,500 ரூபாதான். அதற்கு 12,000 ரூபா வட்டி என்றால் ஏறக்குறைய 47 வீதம். முதலில் கழித்த 2,500 ரூபாவையும் சேர்த்தால் 57 வீதத்துக்கு வந்துவிடுகிறது. வட்டிக்கு வட்டி சேர்த்து வருடக் கணக்குப் பார்க்கும் முறையில் இன்னும் கூடும்.

யாரும் எங்களுக்குப் பொய் சொல்லவில்லை. அட்டையில் 24 என்றுதான் அச்சடித்திருந்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கொழுந்துக்கும் கிழமைக்கும் பொருந்தாத கணக்கு

வட்டியைவிட எங்களை அதிகம் வருத்தியது கிழமைதான். தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. ஒரு கடனுக்குக் கிழமைக்கு 1,240 ரூபா என்பது இரண்டரை நாள் பேருக்குச் சமம். இரண்டு கடன் இருந்தால் ஐந்து நாள் பேர். மழை இல்லாத மாதத்தில் கொழுந்து குறைந்தால், கிழமைக்கு மூன்று நான்கு நாள்தான் வேலை. நிறை குறைந்தால் அரைப் பேர். மலையில் கொழுந்து இல்லை என்று கம்பனிக்காரரிடம் சொன்னால், அதற்கு அட்டையில் இடமில்லை.

இரண்டாம், மூன்றாம், நான்காம் கிழமைக்குக் கட்டுவதற்குக் காசு எங்கிருந்து வரும்? கடையில் சாமான் கடன் சொல்லி, கைக்காசை அட்டைக்குக் கட்டினோம். பிறகு தோட்டை அடகு வைத்தோம். பிறகு இன்னொரு கம்பனியில் இரண்டாவது கடன் எடுத்து முதலாவதைக் கட்டினோம். 2017இல் எங்கள் குழுவில் ஒரே ஒரு கடனோடு இருந்தவர் யாருமில்லை.

சம்பளம் கூடினால் சரியாகும் என்று சொல்வார்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானபோது நான் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 24,840. பழைய அளவில் இரண்டு கடன் இருந்தால், நான்கு கிழமைக்கு 9,920 ரூபா அதிலிருந்து போகும். ஐந்து புதன்கிழமை வரும் மாதத்தில் சரிபாதி போய்விடும். மிச்சத்தில்தான் மாவும் அரிசியும் பிள்ளையின் பஸ் காசும். 2022 நெருக்கடிக்குப் பிறகு மாவு விற்ற விலையை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எந்தக் கடன் சரியாகப் போனது என்பதையும் பார்த்தேன். எங்கள் சித்தி ஒரு பசு வாங்கினார். பால் காசு மாதத்தில் பல தடவை கைக்கு வந்ததால் தவணை தடைப்படவில்லை. லயத்தடித் தோட்டத்தில் லீக்ஸும் கரட்டும் போட்ட ஒருவர், அறுவடைக்கு முதல் மூன்று மாதமும் திண்டாடினார். விளைச்சல் பிழையில்லை, ஆனால் தவணை விளைச்சலுக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கும் கூரைத் தகரத்துக்கும் எடுத்தவர்களிடம் அந்தக் கடன் வருமானம் எதையும் உண்டாக்கவில்லை. அது சம்பளத்தைத் தின்றது. கடன் ஒரு பெண்ணை உயர்த்துமா என்பது, அந்தக் காசு எதற்குள் போகிறது, அதிலிருந்து காசு எப்போது திரும்பி வருகிறது என்ற இரண்டிலும்தான் இருக்கிறது.

மலைக்குப் பழகிய கடன்

எங்கள் மக்களை இந்த மலைக்குக் கட்டிப்போட்டதே கடன்தான். பெரிய கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களில் முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். வழிச்செலவும் அரிசியும் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமென்றால் துண்டு வேண்டும். இவருடைய கடனை இவ்வளவு என்று கட்டினால் ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனோடு சேர்த்து ஆளும் கைமாறினார். அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பெண்களுக்கு இதில் இன்னொரு பாரம் இருந்தது. கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆனாலும் ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984 வேலைநிறுத்தத்தின் பின்னரே வந்தது. அதன் பிறகும் சம்பள நாளில் மனைவியின் பேருக்கான காசைக் கணவரே கையெழுத்துப் போட்டு எடுப்பதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். சம்பளம் அவர் கைக்கு, கிழமைக்கடன் அட்டை மட்டும் என் பெயருக்கு என்றால் அதைப் பெண் வலுவூட்டல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வடக்கு கிழக்கில் நடந்தது, இங்கு நடக்காதது

2009க்குப் பிறகு ஏ9 வீதி வழியாக வன்னிக்கு முதலில் போனவர்களில் நிதிக் கம்பனிகளும் இருந்தன. கணவரை இழந்த, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடித் திரிந்த பெண்கள் தனியாகக் குடும்பம் நடத்திய வீடுகளுக்கே அவர்கள் அதிகம் போனார்கள் என்று அக்கா சொல்வாள். ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் மற்றும் மனித உரிமைகளுக்கான சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்தார். வசூலிக்க வருபவர்களின் மிரட்டலையும் தவணைக்குப் பதிலாகப் பாலியல் இலஞ்சம் கேட்கப்படுவதையும் அவர் பகிரங்கமாகப் பேசினார்.

பெண்களின் போராட்டங்களால் அரசாங்கம் அசைந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த பெண்களின் நுண்கடன்கள் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்று மாவட்டங்களும் அதில் இருந்தன. அக்காவின் மூன்று கடன்களில் ஒன்று நீங்கியது. நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. மழை பெய்யும் மலைக்கு வறட்சி நிவாரணம் வராதுதானே. எங்கும் தோட்டை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் அது முக்கியமாகப் பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் நிறுவனங்களைப் பற்றியது. கடன் மட்டும் கொடுக்கும் பலர் அதற்கு வெளியே நின்றார்கள். 2018இன் இறுதியில் மத்திய வங்கி தன் அனுமதி பெற்ற நிறுவனங்களின் நுண்கடனுக்கு, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து, வருடத்துக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. மேலே நான் போட்ட கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது தமிழ்ப் பெண்களின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். சிங்களப் பெண்கள் முன்னின்று 50 நாட்களுக்கு மேல் வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சொன்ன கதைக்கும் எங்கள் இஸ்தோப்புக் கதைக்கும் வித்தியாசம் மொழி மட்டும்தான்.

கையெழுத்துப் போடுமுன்

இன்றும் கடன் தேவைப்படும். எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இவற்றைக் கேளுங்கள்.

நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா? அனுமதி பெற்றவற்றின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பிள்ளையிடம் கைத்தொலைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள்.

வீதம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கையில் எவ்வளவு தருவீர்கள், மொத்தம் எவ்வளவு வாங்குவீர்கள் என்று இரண்டு எண்களைக் கேளுங்கள். வித்தியாசம்தான் உங்கள் செலவு. முதல் குறையக் குறைய வட்டியும் குறையுமா என்றும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வெற்றுக் கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள். அடையாள அட்டையின் மூலப்பிரதியையும் வங்கி அட்டையையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

தவணையை மாதச் சம்பளத்தோடு பொருத்தித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், கிழமைக்குக் கிழமை காசு வரும் வேலை இல்லாமல் அந்தக் கடனை எடுக்காதீர்கள்.

இரவில் வீட்டுக்கு வருவது, பிள்ளைகள் முன்னால் ஏசுவது, வேறு விதமாகக் காசைத் தீர்க்கலாம் என்று பேசுவது எதுவும் வசூலிப்பு அல்ல. பொலிஸில் முறையிடலாம். அனுமதி பெற்ற நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம்.

ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கும் காசையும் மறக்காதீர்கள். சேமலாப நிதிக்கு நீங்கள் 8 வீதம் கட்ட, தோட்டம் 12 வீதம் கட்டவேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிழையாகப் பதியப்பட்டிருந்தால், ஓய்வு பெறும்போது அலைய வேண்டிவரும். இப்போதே சரிபாருங்கள். பல தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்ளும் கடன் அங்கே கிடைக்குமானால், வாசலில் வரும் கடனுக்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கம்

நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். 2017இல் எங்கள் குழுவில் இருந்த பக்கத்துக் காம்பரா அக்காவால் தொடர்ந்து மூன்று புதன்கிழமை கட்ட முடியவில்லை. நால்வரும் சேர்த்துக் கட்டினோம். நான்காவது கிழமை எங்களிடமும் இல்லை. காசு வராமல் போகமாட்டேன் என்று தம்பி இருந்துவிட்டார். நான் அக்காவின் வாசலில் போய் உட்கார்ந்தேன். பொழுது பட்டும் எழும்பவில்லை. அவருடைய மகள் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மா மலையிலிருந்து இன்னும் வரவில்லை என்று சொன்னாள். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அவர் இருந்தது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் கேட்கும்படி நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கம்பனி என்னிடம் அப்படிப் பேசச் சொல்லவில்லை. அப்படிப் பேசாமல் என் காசைக் காப்பாற்ற முடியாத இடத்தில் என்னை உட்காரவைத்திருந்தது.

இரண்டு மாதத்தில் அக்கா வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போனார். மகள் பாட்டியிடம் வளர்ந்தாள். கடன் கட்டி முடிந்ததும் நான் தலைவி வேலையை விட்டேன்.

இப்போது எங்கள் லயத்தில் பன்னிரண்டு பேர் மாதச் சீட்டுப் பிடிக்கிறோம். சம்பளம் போட்ட மறுநாள் ஆளுக்கு 2,000 ரூபா. மாதம் ஒருவருக்கு 24,000 ரூபா. ஏலம் இல்லை, கழிவு இல்லை. வருத்தம், மரணம் என்றால் அந்த மாதம் அவருக்கு முதலில் கொடுப்போம். இது யாரையும் பணக்காரியாக்காது. ஆனால் புதன்கிழமை பயமில்லை.

அக்கா திரும்பி வந்துவிட்டார். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சென்ற தைப்பொங்கலுக்குப் பிறகு சீட்டில் சேர வந்தார். காசை நீட்டுவதற்கு முன், கொப்பி என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் நீதான் தலைவியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா," என்றேன். "மாசத்துக்கு ஒருத்தர். அடுத்த மாசம் கொப்பி ஒங்ககிட்ட."